குளிர்மூலையின் கணக்கு: வெப்ப ஊரில் ஊர்வனக் கூண்டைத் தானாக இயங்கவைப்பது எப்படி?

ஊர்வனவற்றைக் கூண்டில் வைத்துப் பராமரிப்பது பற்றி இன்று கிடைக்கும் கையேடுகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே அறையின் வெப்பம் 18, 20 டிகிரி செல்சியஸ். பாம்புக்கோ பல்லிக்கோ 30க்கு மேல் வேண்டும். ஆகவே கருவிகள் எல்லாம் ஒரே வேலைக்காகச் செய்யப்பட்டவை: சூடேற்று, போதுமானதும் நிறுத்து. அப்படியொரு தெர்மோஸ்டாட்டை வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சித்திரை மாதத்து மதியம் இரண்டு மணிக்கு மாட்டினால் என்ன செய்யும்? வெளியே 38 டிகிரி. சிமென்ட் அட்டை வேய்ந்த அறைக்குள் அதற்கும் மேல். தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கும். தன்னைப் பொறுத்தவரை அது வேலையை ஒழுங்காக முடித்துவிட்டது. உள்ளே இருக்கும் விலங்குதான் வெந்துகொண்டிருக்கும்.

ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஊர்வனக் கூண்டின் வெப்பத்தையும் ஒளியையும் தானியங்கி முறைக்கு விடுவது என்றால், கேள்வியையே திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. சூடான மூலையை உண்டாக்குவது இங்கே சுலபம். ஆண்டில் எட்டு மாதம் அது இலவசமாகவே கிடைக்கும். குளிர்ந்த மூலையை மதியம் முழுவதும் குளிர்ந்ததாகவே வைத்திருப்பதுதான் பாடு. இந்தக் கட்டுரை அதைச் சுற்றித்தான் நகர்கிறது.

யாருக்கு இது தேவை என்பதை முதலில் சொல்லிவிடலாம். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நட்சத்திர ஆமையும் உடும்பும் சாரையும் புதிதல்ல. ஆனால் இவற்றில் எதையும் வீட்டில் வைக்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. நட்சத்திர ஆமை 2019இல், வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு சைட்டீஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலுக்கும் போய்விட்டது. திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்ட பிறகு இந்த அடிவாரத்தில் வனத்துறையின் கண்காணிப்பு இன்னும் இறுகியிருக்கிறது. சட்டப்படி வீட்டில் இருக்கக்கூடியவை அயல்நாட்டு இனங்கள்: பால் பைத்தான், பச்சை இகுவானா போன்றவை. அவற்றுக்கும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கணக்கு உண்டு. சைட்டீஸ் பட்டியலில் உள்ள விலங்கை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். ஆக, கூண்டை வடிவமைக்க வேண்டியவர்கள் மூன்று வகை: உயிரியல் பூங்காக்கள், அடிபட்ட விலங்குகளைச் சில நாள் வைத்துக் காக்கும் மீட்பு மையங்கள், முறையாகப் பதிவு செய்த வளர்ப்பாளர்கள். மலையிலிருந்து எதையாவது பிடித்து வந்து பெட்டியில் போட்டுவிட்டு, பிறகு வெப்பம் பற்றி யோசிப்பவர்களுக்கு இதில் சொல்ல எதுவும் இல்லை.

எண்ணும் இடமும்

ஊர்வன உடலுக்குள் வெப்பத்தை உற்பத்தி செய்துகொள்வதில்லை. வெயிலுக்குப் போய்ச் சூடேறும், நிழலுக்கு வந்து ஆறும். இது இன்று பள்ளிப் பாடம். ஆனால் பாலைவனப் பல்லியும் பாம்பும் எவ்வளவு வெயிலையும் தாங்கும் என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. 1944இல் ரேமண்ட் கவுல்ஸ், சார்லஸ் போகர்ட் ஆகிய இரு அமெரிக்கர்கள் தெற்குக் கலிஃபோர்னியப் பாலைவனத்து ஊர்வனவற்றின் வெப்பத் தேவை பற்றி வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது. ஒவ்வோர் இனமும் தனக்கென ஒரு குறுகிய வெப்ப எல்லைக்குள் உடலை வைத்துக்கொள்ள நாள் முழுக்க இடம் மாறிக்கொண்டே இருக்கிறது என்றும், நிழல் கிடைக்காவிட்டால் பாலைவனத்தில் பிறந்ததும் வெயிலில் சாகும் என்றும் அவர்கள் காட்டினார்கள். நம் வேலியோரத்து ஓணானைக் காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் பார்த்தால் இதே விஷயம் தெரியும். எட்டு மணிக்குக் கல்லின் மேல் தட்டையாக ஒட்டிக் கிடக்கும். பதினொரு மணிக்கு உடம்பைத் தூக்கி, கால்களில் நின்று, வாயைத் திறந்து வைத்திருக்கும். மூன்று மணிக்கு ஆளையே காணோம்.

இதிலிருந்து கூண்டுக்கு வரும் விதி ஒன்றுதான்: விலங்குக்கு ஒரு எண்ணைக் கொடுக்கக் கூடாது, ஒரு சரிவைக் கொடுக்க வேண்டும். ஒரு முனை சூடு, மறுமுனை குளிர்ச்சி, நடுவில் எல்லா நிலைகளும். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் இருப்பது என்பதை அது பார்த்துக்கொள்ளும். பால் பைத்தானுக்குச் சூடான முனை 31 முதல் 33, குளிர்முனை 25 முதல் 27 என்பார்கள். ஆஸ்திரேலியத் தாடிப் பல்லிக்கு வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 40 டிகிரியைத் தொட வேண்டும், குளிர்முனை 30க்குக் கீழே இருந்தாக வேண்டும்.

நோய் வந்தால் இந்தச் சரிவின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். 1970களின் நடுவில் மாத்யூ க்ளூகர் என்ற உடலியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் பாலைவன இகுவானாக்களுக்கு ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார்கள். இடம் மாற வாய்ப்பிருந்தவை வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போயின. அதாவது காய்ச்சலைத் தாங்களே வரவழைத்துக்கொண்டன. அடுத்து, இடம் மாற வழியில்லாமல் 34, 36, 38, 40, 42 டிகிரிகளில் தனித்தனியாக வைத்தபோது, சூடு கூடக்கூடப் பிழைத்தவற்றின் விகிதமும் கூடியது. 1975இல் வெளியான இந்த முடிவைப் படித்த பிறகு, கூண்டு முழுவதையும் ‘சரியான’ ஒரே வெப்பத்தில் வைத்துவிட்டதாகப் பெருமைப்படும் தானியங்கிகளைக் கண்டால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நோயுற்ற விலங்கின் ஒரே மருந்தை அந்தப் பெட்டி பிடுங்கி வைத்திருக்கிறது.

ஆனால் முட்டையின் கதை நேர் எதிரானது. முட்டையால் நகர முடியாது. அதற்கு எண்தான் வேண்டும், அதுவும் அரை டிகிரி பிசகாமல்.

இதற்கு உலகமே மேற்கோள் காட்டும் சான்று தமிழ்நாட்டிலிருந்து போனது. ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில் சதுப்புநில முதலைகள் தாராளமாக முட்டையிட்டன. ஒரே ஆண்டில் இரண்டு முறை இடுகிற பெண் முதலைகளும் அங்கே இருந்தன. அந்த முட்டைகளை வெவ்வேறு நிலையான வெப்பங்களில் பொரிக்கவைத்து ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் ஆகியோர் 1989இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 28 முதல் 31 டிகிரி வரை வைத்தவை எல்லாம் பெண் குட்டிகள். 32.5இல் வைத்தவை ஆண். 33க்குப் போனால் மறுபடியும் பெண் கலக்கத் தொடங்கியது. குரோமோசோமுக்கு இதில் வேலை இல்லை. குட்டியின் பாலினத்தைப் பொரிப்புப் பெட்டியின் தெர்மோஸ்டாட்தான் எழுதுகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மின்னணு ஆர்வலர்கள் அதிகம் வாங்கும் டி.எஸ்.18பி20 என்ற வெப்ப உணரியின் துல்லியம் கூடுதல் குறைவு அரை டிகிரி. நல்ல உணரிதான், பால் பைத்தான் கூண்டுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அது 32.5 என்று காட்டும்போது உண்மை 32ஆகவோ 33ஆகவோ இருக்கலாம். ஆண் குட்டிகள் மட்டுமே வருவதற்கும் இரண்டும் கலந்து வருவதற்கும் நடுவே இருப்பது அந்த அரை டிகிரிதான். ஆகவே பொரிப்புப் பெட்டியில் வைக்கும் உணரியை, தரச்சான்று பெற்ற வெப்பமானி ஒன்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் குறித்துவைத்துத் திருத்தாமல் பயன்படுத்தக் கூடாது.

கோழிக் குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டரை அப்படியே எடுத்து ஊர்வன முட்டைக்குப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கோழி முட்டைக்கு 37.5 டிகிரி. கோடை நடுவிலும் அறை வெப்பம் அதற்குக் கீழேயே பெரும்பாலும் இருப்பதால் சூடேற்றும் இழை மட்டும் போதும். ஊர்வன முட்டைக்கு 30, 31 வேண்டும்போது ராஜபாளையத்து அறையே வைகாசியில் 35ஐத் தொட்டு நிற்கும். சூடேற்ற மட்டுமே தெரிந்த பெட்டி அங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். குளிரூட்டிய அறைக்குள் பெட்டியை வைப்பது ஒரு வழி. பழைய சிறிய குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு சிறு ஹீட்டரையும் விசிறியையும் வைத்து, இருபுறமும் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் ஒன்றைப் பொருத்துவது இன்னொரு வழி. இரண்டாவது மலிவு, கொஞ்சம் கைவேலை தேவைப்படும்.

மண்பானையிலிருந்து மில் வரை

முதலைப் பண்ணை வளாகத்திலேயே 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் நஞ்செடுப்பதற்காகச் சில வாரங்கள் வைத்திருந்து மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். பாம்புகள் இருப்பது மண்பானைகளில். அடியில் மணல், வாயில் துணிகட்டு, மேலே ஓலைக் கொட்டகையின் நிழல். கம்பியும் இல்லை, உணரியும் இல்லை. வெளியே வெயில் ஏறி இறங்கும் வேகத்தில் பானைக்குள் மணல் ஏறி இறங்காது. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறினால் குளிர்ச்சியும் கூடும். பார்வையாளர்கள் இதைப் பழைய காலத்து ஏற்பாடு என்று நினைத்துக் கடந்து போகிறார்கள். எனக்கு இது தானியங்கி முறையின் முதல் பாடமாகப் படுகிறது. கண்ணாடித் தொட்டியில் வெப்பத்தைத் தேக்கும் பொருள் எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு நிமிடமும் கருவி தலையிட வேண்டியிருக்கிறது. அடியில் அரை அடி மணலும் ஒரு பக்கம் செங்கல் அடுக்கும் ஈரம் வைத்த மண்பானை ஒன்று ஒளிவிடமாகவும் இருந்தால் கருவிக்கு வேலை குறைகிறது. வேலை குறைந்த கருவி பழுதாவதும் குறைவு.

ஆனாலும் 38 டிகிரி மதியத்தில் மணல் மட்டும் போதாது. காற்றையே குளிர்விக்க வேண்டும். அந்த வித்தை ராஜபாளையத்துக்குத் தெரியும். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊரின் பிழைப்பில் பாதி நூற்பாலைகளை நம்பியது. காற்று உலர்ந்தால் பருத்தி நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதற்காக ஒவ்வொரு மில்லிலும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் உண்டு. பெரிய விசிறிகள் வெளிக்காற்றை இழுத்து, நீர்த்தூவல் திரையின் வழியே அனுப்பி, ஈரமும் குளிர்ச்சியுமாக உள்ளே தள்ளும். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகளைப் படித்து நோட்டில் எழுதுகிற ஆட்கள் இருப்பார்கள். ஊர்வனக் கூண்டு அறைக்கு வேண்டியது இதே ஏற்பாட்டின் சிறு வடிவம்தான்: தேன்கூட்டு அட்டைத் திரை, நீர் பம்பு, எதிர்ச்சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன். கோழிப்பண்ணைகளில் இந்தத் திரைகள் சாதாரணமாகக் கிடைக்கும். மதுரை, திருச்சி என்று அலைந்து ‘ஊர்வனக் குளிர்விப்பான்’ தேடுவதைவிட, ஓய்வுபெற்ற மில் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் பேசுவது மேல்.

இந்த முறைக்கு ஓர் எல்லை இருக்கிறது. நீர்த்திரை எவ்வளவு உழைத்தாலும் காற்றை ஈரக்குமிழ் வெப்பத்துக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு, கீழே கொண்டுபோக முடியாது. காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் வெப்பம் ஏறக்குறைய 24.5. நன்றாக நனைந்த திரை அந்த வித்தியாசத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பிடித்துவிடும். அறைக்குள் 27, 28 டிகிரி கிடைக்கும். பால் பைத்தானின் குளிர்மூலைக்கு இது ஏறக்குறைய போதும். இதே ஏற்பாட்டைச் சென்னைக் கடற்கரையில், 33 டிகிரியும் 65 விழுக்காடு ஈரமும் உள்ள நாளில் வைத்தால் ஈரக்குமிழ் 27.5. தணிவதற்கு இடமே ஐந்தரை டிகிரிதான். அதற்குமேல் அறை ஈரத்தில் ஊறி, பாம்பின் தோலிலும் நுரையீரலிலும் கோளாறு தொடங்கும். மழைமறைவுப் பகுதியான நமக்கு இந்த இடத்தில் வாய்த்த அதிர்ஷ்டம் பெரிது. ஆனி, ஆடியில் மலையைத் தாண்டி இறங்கி வீசும் உலர்ந்த மேல்காற்று நீர்த்திரைக்கு அருமையான காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் பம்பை நிறுத்தி வெறும் விசிறியோடு விட வேண்டும். எனவே கன்ட்ரோலருக்கு வெப்பம் மட்டும் தெரிந்தால் போதாது, ஈரப்பதமும் தெரிய வேண்டும். 28 டிகிரிக்கு மேல் போனால் விசிறி. வெளிக்காற்றின் ஈரப்பதம் 60க்குக் கீழே இருந்தால் மட்டும் பம்பு. இந்த இரண்டு நிபந்தனைகளும் எழுதப்பட்ட கன்ட்ரோலர் எந்த விலையுயர்ந்த வெளிநாட்டுத் தெர்மோஸ்டாட்டையும்விட இந்த ஊருக்குப் பொருத்தம்.

வெளிச்சம்

ஒளியைப் பொறுத்தவரை கையேடுகள் பருவத்துக்கேற்பப் பகல் நேரத்தை மாற்றச் சொல்கின்றன. லண்டனில் நீண்ட பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல், குறுகியது எட்டு மணி நேரத்துக்கும் கீழ். ஒன்பதரை டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்கு நீண்ட பகல் 12 மணி 40 நிமிடம், குறுகியது 11 மணி 34 நிமிடம். வித்தியாசம் ஒரு மணி நேரம் சொச்சம். நம் நாட்டு ஊர்வனவற்றுக்குப் பருவத்தைச் சொல்வது பெரும்பாலும் மழையும் ஈரமும்தான். ஆகவே இங்குள்ள இனங்களை வைத்திருக்கும் மீட்பு மையமோ பூங்காவோ பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு டைமரை வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஆஸ்திரேலியத் தாடிப் பல்லி வைத்திருப்பவருக்கு மட்டும் பருவ மாற்றம் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும்.

புறஊதா பி கதிர் வேறு சமாச்சாரம். தோலில் உள்ள ஒரு கொழுப்புப் பொருள் இந்தக் கதிர் பட்டு முதலில் வைட்டமின் டி3இன் முன்னோடியாக மாறும். பிறகு உடல் வெப்பத்தால் மெல்ல முழு வைட்டமின் ஆகும். கதிர் மட்டும் இருந்து உடல் குளிர்ந்திருந்தால் இரண்டாவது படி தாமதமாகும். கதிரும் சூடும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் விழ வேண்டும் என்பது இதனால்தான். இது கிடைக்காத இகுவானாக்கள் தாடை ரப்பராகி, முதுகெலும்பு வளைந்து கால்நடை மருத்துவரிடம் வரும். விளக்கின் புறஊதா அளவு கண்ணுக்குத் தெரியாமலே குறையும். வெளிச்சம் அப்படியே இருக்க, ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் கதிர் வற்றிவிடும். மாற்றிய தேதியை விளக்கின் மேலேயே மார்க்கரால் எழுதிவைப்பது எந்த ஆப்பைவிடவும் உதவும்.

ஆனால் விளக்குக்கு ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்? கேரி ஃபெர்குசனின் குழு 2010இல் ஊர்வனவற்றை வெயில் காயும் பழக்கத்தை வைத்து நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. நாள் முழுக்க வெயிலிலேயே கிடக்கும் நான்காம் மண்டல விலங்குக்கும் அவர்கள் கண்ட சராசரிப் புறஊதாக் குறியீடு 2.6 முதல் 3.5 வரைதான். நம் ஊரில் ஏப்ரல் மதியத்தில் அந்தக் குறியீடு 11ஐத் தாண்டும். காலை எட்டரை, ஒன்பது மணி இளவெயிலிலேயே வேண்டியது கிடைத்துவிடும். கம்பி வலை போட்ட திறந்தவெளிக் கூண்டில் தினம் ஒரு மணி நேரம், கட்டாயம் பாதி நிழலோடு. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் உதவாது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிட்டுச் சூட்டை மட்டும் உள்ளே விடும்.

வடக்கு ஜன்னல் எப்போதும் நிழல் என்று நினைத்துக் கூண்டை அங்கே நகர்த்துபவர்கள் உண்டு. இதுவும் குளிர்நாட்டு அறிவுரை. சித்திரை பிறக்கும் நாளை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கிறது. நடுவே உள்ள நான்கரை மாதமும் உச்சிவெயில் வடக்கே சாய்ந்துதான் அடிக்கும். மேற்குச் சுவரும் மாலையில் அடுப்புதான். கூண்டுக்கு இடம் பார்த்தால் கிழக்குத் தாழ்வாரம் நல்லது.

இரவில் சிவப்பு, நீல பல்புகளைப் போடும் வழக்கம் இன்னும் சாகவில்லை. ஊர்வனவற்றுக்கு அது தெரியாது என்று கடைக்காரர் சொல்வார். பல இனப் பல்லிகள் புறஊதாவையே பார்க்கும். ஓணானின் தலை உச்சியில் வெளிச்சத்தை உணரும் மூன்றாவது கண்ணே இருக்கிறது. அவற்றிடம் போய்ச் சிவப்பு பல்பு தெரியாது என்பது வேடிக்கை. மார்கழி இரவிலும் இங்கே 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. தேவைப்பட்டால் ஒளியில்லாத பீங்கான் ஹீட்டர் போதும்.

கோளாறு எந்தப் பக்கம் சாயும்?

ஒரு தானியங்கியை எடைபோட நான் கேட்கும் முதல் கேள்வி இது: இது கெட்டுப்போனால் எந்தப் பக்கம் சாயும்?

டி.எஸ்.18பி20 உணரியையே மறுபடி எடுத்துக்கொள்வோம். மின்சாரம் வந்தவுடன், அளவெடுக்கும் முன் அதனிடம் கேட்டால் 85 டிகிரி என்று சொல்லும். அது அதன் தொடக்க மதிப்பு. அதன் கம்பி அறுந்தாலோ எலி கடித்தாலோ பரவலாகப் பயன்படும் மென்பொருள் தொகுப்பு மைனஸ் 127 என்ற எண்ணைத் திருப்பித் தரும். இதைக் கவனிக்காமல் ‘31க்குக் கீழே இருந்தால் ஹீட்டரைப் போடு’ என்று ஒரே வரியில் நிரல் எழுதியிருந்தால் என்ன ஆகும்? மைனஸ் 127 என்பது 31க்குக் கீழே. ஹீட்டர் எரியும், எரிந்துகொண்டே இருக்கும். கூண்டு எத்தனை டிகிரி ஆனாலும் கன்ட்ரோலருக்கு அது துருவப் பிரதேசம்தான். நிரலில் இன்னும் ஒரு வரி போதும்: எண் 5க்குக் கீழேயோ 50க்கு மேலேயோ போனால் ஹீட்டரை அணை, விசிறியைப் போடு, அலாரம் அடி. அந்த வரி இல்லாத கன்ட்ரோலரை எவ்வளவு அழகான திரையோடு கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

உணரி நன்றாக இருந்து, இடம் மாறினாலும் இதே கதிதான். ஹீட்டிங் பேடுக்கு மேல் டேப் போட்டு ஒட்டிய உணரியைப் பாம்பு இரவில் நெம்பித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிடும். தண்ணீர் 27 என்று உணரி சொல்ல, பேட் 45க்குப் போய் வயிற்றுத் தோலைச் சுடும். உணரியைத் திருகாணி கொண்டு சட்டத்தோடு இறுக்குவதே சரி.

அடுத்து, கன்ட்ரோலர் சொல்வதைக் கேட்டு ஹீட்டரைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே. சாதாரண ரிலேயின் முனைகள் தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொள்ளும். சத்தமில்லாமல் இயங்கும் சாலிட் ஸ்டேட் ரிலேயும் கெட்டால் பெரும்பாலும் மின்சாரத்தை விட்டபடியே கெடும். இரண்டுமே ஹீட்டரை அணைக்க முடியாத பக்கம்தான் சாய்கின்றன. ஆகவே ஹீட்டருக்குப் போகும் கம்பியில், முதல் கன்ட்ரோலரோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றைத் தொடராக வைத்து, மூன்று டிகிரி கூடுதலாக அமைக்க வேண்டும். சில நூறு ரூபாய்ச் செலவு. முதலாவது ஒட்டிக்கொண்டால் இரண்டாவது வெட்டிவிடும். மில்லில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஓவர்லோடு ட்ரிப் இல்லாத மோட்டாரை அங்கே ஓடவிட மாட்டார்கள்.

பிறகு மின்தடை. தமிழ்நாட்டில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் வர மதியமோ மாலையோ ஆகும். நம் கூண்டுக்கு உலகத்திலேயே மோசமான நேரம் அது. ஹீட்டர் நின்றால் கவலையில்லை, நீர்த்திரையும் விசிறியும் நிற்கும். 75 வாட் வெயில் விளக்கை எட்டு மணி நேரம் இன்வெர்ட்டரில் ஓட்ட 600 வாட் மணி வேண்டும். பத்து வாட் டி.சி. விசிறிக்கு 80தான். ஆகவே இன்வெர்ட்டரில் விசிறியையும் சின்னப் பம்பையும் மட்டும் இணைத்துவிட்டு விளக்கை விட்டுவிட வேண்டும். ஒரு நாள் விளக்கு எரியாவிட்டால் விலங்கு சோம்பிக் கிடக்கும், அவ்வளவுதான். அந்த 75 வாட் விளக்கு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் என்பதையும் வீட்டுக்காரர்கள் கணக்கில் வைக்கட்டும்; இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும்.

கரண்ட் திரும்பி வந்த பிறகு நடப்பதையும் கவனிக்க வேண்டும். பல் சக்கரம் சுற்றும் மெக்கானிக்கல் டைமர், கரண்ட் இல்லாத நேரத்தில் நின்றுபோகும். எட்டு மணி நேரத் தடைக்குப் பிறகு அதன் காலை ஆறு மணி உண்மையில் பிற்பகல் இரண்டு மணி. மறுநாள் முதல் பகல் பிந்தித் தொடங்கி நள்ளிரவைத் தாண்டி நீளும். விலங்கு தூங்காது, தின்னாது. வைத்திருப்பவர் நோய் என்று நினைத்து அலைவார். உள்ளே பட்டன் பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமரோ, டி.எஸ்.3231 போன்ற கடிகாரச் சில்லோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வைஃபை கன்ட்ரோலர்கள் இப்போது பரவலாகிவிட்டன. அலாரம் நல்லதுதான். ஆனால் கரண்ட் போனால் வீட்டு மோடமும் போகும் என்பதால், அலாரம் வராததே அலாரம் என்று எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும். செய்தி வந்தபோது நீங்கள் சிவகாசியிலும் கூண்டு கான்சாபுரத்திலும் இருந்தால், போய்க் கதவைத் திறந்துவிட ஒரு பக்கத்து வீட்டு ஆள் தேவை. இணைய இணைப்பில் என்னைக் கவர்வது பதிவு வசதி மட்டுமே. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூடான முனை, குளிர்முனை இரண்டின் வெப்பத்தையும் குறித்துக்கொண்டே போகும் கோப்பு ஒன்று இருந்தால், வாதங்கள் எல்லாம் அடங்கிவிடும்.

விலங்கை வாங்கும் முன், வெறும் கூண்டை வைத்து அந்தப் பதிவை ஏப்ரல் முதல் ஜூன் வரை ஓடவிடுவது முறை. குளிர்முனையின் வரிசையை மட்டும் பாருங்கள். மதியம் பன்னிரண்டு முதல் நான்கு வரை அது 30க்குக் கீழே நிற்கிறதா? பராமரிப்பு மின்தடை நாளிலும் நிற்கிறதா? நிற்காவிட்டால் கன்ட்ரோலரை மாற்றிப் பயனில்லை. அட்டைக் கூரைக்கு மேல் சுண்ணாம்பு அடிக்கலாம், கீழே தென்னங்கிடுகு வேயலாம், கூண்டையே தரைத்தளத்துக்கு இறக்கலாம். அதற்குப் பிறகும் எண் இறங்கவில்லை என்றால் அந்த அறையில் அந்த இனத்தை வைக்கக் கூடாது.